இருபத்து மூன்று வரையன்கள்

புயல் போன நாற்பத்தோராம் நாள், ஒரு சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, வெள்ளாந்துறைக் கடற்கரையில் சாளை மீன் ஏலம் சூடுபிடித்திருந்த வேளையில், அலைக்குள்ளிருந்து இருபத்து மூன்று பிராணிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, ஒரே மாதிரி உடம்பை உதறிக்கொண்டு, வரிசை கலையாமல் ஊருக்குள் நடந்தன. பூனையைவிடக் கொஞ்சம் தடித்த உடம்பு, நல்ல கறுப்பு, நெற்றியில் ஒன்றாகத் தொடங்கி முதுகில் இரண்டாகப் பிரிந்து புசுபுசு வாலில் மறுபடி ஒன்றாகும் வெள்ளை வரை, குட்டைக் கால்கள், அவசரமே இல்லாத நடை. ஏலக்காரர் ஒரு மூச்சு நேரம் வாயை மூடிக்கொண்டு அவற்றுக்கு வழி விட்டார். கடைசிப் பிராணியும் கடந்து போனதும் விட்ட இடத்திலிருந்து ஏலத்தைத் தொடர்ந்தார்.

அவை சகாய மாதா கோயிலைச் சுற்றிக்கொண்டு போயின, ஐஸ் கம்பெனிச் சந்துக்குள் நுழைந்தன, எந்தத் திருப்பத்திலும் எதுவும் தயங்கவில்லை, எதுவும் வீடு மாறவில்லை. ஒவ்வொன்றும் ஒரு வாசலில் வரிசையை விட்டு விலகி, கதவை மூன்று தடவை பிராண்டிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அந்த இருபத்து மூன்று வாசல்களும், புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத இருபத்து மூன்று ஆண்களின் வாசல்கள். உடலும் கிடைக்கவில்லை, படகின் ஒரு பலகையும் கிடைக்கவில்லை; உடல் இல்லாமல் அடக்கப் பூசை வைக்கக் கோயிலுக்கு மனம் வரவில்லை, ஏழு வருஷம் போகாமல் இறந்தவர் என்று எழுத அரசாங்கத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை; ஆகவே அந்தப் பெண்கள் கறுப்பும் உடுக்காமல் பூவும் வைக்காமல், யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன முகத்தோடு திரும்புவது என்று தெரியாமல், நாற்பது நாள் இருந்தார்கள். அன்றைக்குக் கதவைத் திறந்து கீழே பார்த்தபோது ஒருத்தியும் கூச்சல் போடவில்லை. "வந்தாச்சா, உள்ள வாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்து வழி விட்டார்கள்.

கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், இது அமெரிக்காப் பக்கத்துப் பிராணி, ஸ்கங்க் என்று பெயர், பின்னாலிருந்து பீச்சினால் ஒரு வாரத்துக்கு ஊரே சோறு தின்ன முடியாது என்று எச்சரித்தார். அமெரிக்காவிலிருந்து அது எப்படி வெள்ளாந்துறைக்கு நீந்தி வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரியாது. பெயர் வாயில் நுழையாததால் ஊர் அதை வரையன் என்றது.

நாற்றத்தைப் பற்றி அவர் சொன்னது பாதிதான் சரி. ஒரு வரையன் முன்கால்களைத் தரையில் அடித்து, திரும்பி நின்று, வாலைத் தூக்கிப் பீச்சினால், அந்த வீட்டு ஆணை உயிரோடு பார்த்திராதவர்களுக்கு எரிந்த ரப்பரும் அழுகிய முட்டையும் சேர்ந்த நாற்றம். பார்த்துப் பழகியவர்களுக்கோ அவனேதான். பெஸ்கி வீட்டு வரையன் முதல் தடவை பீச்சியபோது அவன் மனைவி கிளாடிஸுக்குப் பீடியும் டீசலும் நைலான் வலையும் குளித்துவிட்டு வரும்போது இருக்கிற சிவப்புச் சோப்பும், அதற்கெல்லாம் அடியில் அவன் கழுத்தோரம் எப்போதும் இருக்கும் உப்பும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. அவள் அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாள். பிறகு எழுந்து புட்டு அவித்தாள்.

ஒரே ஒரு சங்கடம், கோபம் வந்தால்தான் வரையன் பீச்சும். ஆகவே தினமும் சாயங்காலம் ஜெபமாலை முடிந்த கையோடு, இருபத்து மூன்று வீடுகளில் இருபத்து மூன்று பெண்கள் சிமெண்டுத் தரையில் ஒரு காலை ஓங்கி மிதிப்பார்கள்; அந்தச் சத்தம் ஐஸ் கம்பெனி வரைக்கும் கேட்கும்; அதற்கப்புறம் ஊரில் கொஞ்ச நேரம் பேச்சே இருக்காது. "அவரு இருந்தப்பவும் கோவப்படுத்தித்தானே ஒரு வார்த்த வாங்குனேன்" என்றாள் அடுத்த வீட்டுச் செலின். கிளாடிஸ் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, தென்னந்தோப்பு ஓரத்தில் இருக்கிற அரசு கால்நடை மருந்தகத்தில், டாக்டர் சௌந்தரி மாற்றலாகி வந்து சேர்ந்து அப்போது ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ராசிபுரத்துக்காரி. மாட்டையும் ஆட்டையும் கோழியையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டே நோய் சொல்லிவிடுவாள், ஆனால் கடலை அதற்கு முன் இரண்டே தடவைதான் பார்த்திருந்தாள். அந்த இருபத்து மூன்று ஆண்களில் ஒருவரையும் பார்த்ததில்லை. அதனால் அவளுக்குக் கடைசி வரைக்கும் எரிந்த ரப்பரும் அழுகிய முட்டையும்தான் கிடைத்தன.

முதலில் வந்தவள் கிளாடிஸ். முந்தானையில் சுற்றி மேசைமேல் வைத்ததும், உதவியாளர் ராஜமணி பதிவேட்டைத் திறந்து, என்ன பிராணி என்று எழுதுவது என்று டாக்டரைப் பார்த்தார். மாடு, எருமை, ஆடு, பன்றி, நாய், பூனை, கோழி என்று அச்சடித்த கட்டங்களில் எதிலும் அது அடங்கவில்லை. கடைசியில் நாய் என்ற கட்டத்திலேயே 'இதர' என்று எழுதச் சொன்னாள். பெயர் என்ன என்று ராஜமணி கேட்டார்.

"பெஸ்கி" என்றாள் கிளாடிஸ். "வயசு முப்பத்தாறு."

ராஜமணி அதையும் அப்படியே எழுதினார். எடை ஆறரைக் கிலோ. ஒரு கையால் தூக்க முடியவில்லை, வயிறு தரையில் உரசியது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. என்ன கொடுக்கிறீர்கள் என்று சௌந்தரி கேட்டாள்.

"காலத்த புட்டும் பயறும், கட்டஞ்சாயா. உச்சைக்குச் சோறு, மீன் கறி, அவருக்கு நெத்திலி பொரிச்சதுண்ணா உயிரு. ராத்திரி கப்பக்கெழங்கும் மீனும். ஞாயிற்றுக்கெழம மட்டும் மாட்டெறச்சி."

"டீயுமா?"

"ரெண்டு நேரம். சீனி தூக்கலா."

அந்த வாரத்துக்குள் எல்லா வீட்டு வரையன்களும் வந்துவிட்டன, எல்லாமே உருண்டை உருண்டையாக. தங்கள் ஆண்கள் எதைத் தின்றார்களோ அதையே, அவர்கள் தின்ற அளவிலேயே, கடலில் பட்டினி கிடந்திருப்பார்களே என்று இன்னும் ஒரு கரண்டி சேர்த்தே போட்டிருந்தார்கள். சௌந்தரி தன் கல்லூரிப் பேராசிரியருக்குப் போன் செய்தாள். அவர் மூன்று நாள் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, அவித்த காய்கறி, ஒரு முட்டை, உப்பில்லாத மீன் கொஞ்சம், கொழுப்பு கூடாது, எலும்பும் இதயமும் பலவீனமாகிவிடும், வெறிநாய்த் தடுப்பூசி போட்டுவிடு என்று சொன்னார். அவள் அதை ஒரு தாளில் எழுதி இருபத்து மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தாள்.

"கோவக்காயா" என்று தாளைப் பார்த்துக் கேட்டாள் கிளாடிஸ். "கல்யாணம் முடிஞ்சு பன்னெண்டு வருசமாச்சு டாக்டரம்மா, ஒருநாளும் அவரு கோவக்கா தின்னதில்ல. தட்டத் தூக்கி எறிவாரு."

"எறிஞ்சாலும் அதையே வையுங்க. பசிச்சா தின்னும்."

"பசியோட கெடக்கவா வீட்டுக்கு வந்தாரு" என்றாள் அவள். மற்ற வீடுகளில் ஒளித்து வைத்துக் கொஞ்சம் நெத்திலி கொடுத்தார்கள் என்றால் கிளாடிஸ் ஒளிக்காமலேயே கொடுத்தாள், ஆனாலும் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாரம் ஒரு தடவை தூக்கிக்கொண்டு வந்து எடை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஊர் அதற்குள் வரையன்களோடு வாழப் பழகிவிட்டது. சாயங்காலச் சந்துகளில் சைக்கிள்காரர்கள் மணியடிக்காமல் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், பள்ளிக்கூடத்தில் தகப்பன் பெயரைக் கேட்டால் பிள்ளைகள் முன்பு போல் திக்காமல் சொன்னார்கள், பங்குச் சாமியார் ஹிலாரி ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது 'கடலில் காணாமல் போன நம் சகோதரர்களுக்காக' என்பதை 'நம் சகோதரர்களுக்காக' என்று சுருக்கிக்கொண்டார். வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து பார்த்து, இது தங்கள் பட்டியலில் இல்லை என்றார்கள். மீன்துறையிலிருந்து ஒருவர் வந்து, இது மீன் இல்லை என்றார்.

மாசி மாசம் பிறந்ததும் வரையன்கள் மாறின. சாப்பாட்டை முகர்ந்துவிட்டு விலகின, தங்களுக்குள் கடித்துக்கொண்டன, கடல் பக்கத்துக் கதவாகப் பார்த்து நாள் முழுக்கப் பிராண்டின. ஆண் பிராணி, இது அதன் பருவம் என்று சௌந்தரிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பெண் தேடி அலையும். ஆனால் வெள்ளாந்துறையில் பெண் வரையன் ஒன்றுகூட இல்லை. ஒரு வியாழக்கிழமை நண்பகல் செலின் தண்ணீர்க் குடத்தோடு கதவைத் திறந்த நேரம் அவள் வீட்டு வரையன் கால் இடுக்கில் புகுந்து வெளியே ஓடி, அலை வந்ததும் நிற்காமல், வந்த நாளில் எப்படி நடந்ததோ அதே நடையில் தண்ணீருக்குள் போயிற்று. செலின் இடுப்பளவுத் தண்ணீர் வரைக்கும் பின்னால் ஓடிக் கூப்பிட்டாள். ஆட்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து கரையில் போட்டபோது, குடத்தை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

மறுநாள் ஆக்னஸ் தன் வரையனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினாள். அது கயிற்றோடு தன் காலையும் கடித்துக்கொண்டது. அந்தக் காலுக்குத் தையல் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது சௌந்தரி அதைச் சொன்னாள். குடும்பக் கட்டுப்பாடு செய்துவிட்டால் அலையாது, வீட்டோடு கிடக்கும்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சாமியார் ஒரு பக்கம், டாக்டர் ஒரு பக்கம், நடுவில் பெண்கள்.

"எனக்க மாப்ள ஆம்பிளயாட்டுப் போனவரு" என்றாள் ஆக்னஸ். "வந்தப்பொறவு நாம கொண்டு போயி வெட்டிவிடுறதா?"

"விலங்குக்குச் செய்யிறதுல திருச்சபைக்கு ஒரு தடையும் இல்ல" என்றார் சாமியார். "இது விலங்குதானாண்ணு மேற்றிராசன ஆயருக்கு எழுதிக் கேட்டிருக்கேன். பதில் இன்னும் வரல."

"எனக்கு நாலு பிள்ளைக்கு முன்னால செஞ்சிருந்தா இடுப்பு வலியாவது மிச்சமாயிருக்கும்" என்றாள் பின் வரிசையில் இருந்த ரெஜீனா. மண்டபம் சிரித்தது. புயலுக்குப் பிறகு அந்த ஊர் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்; சிரிப்பு நின்றபோது பாதிப் பேர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சௌந்தரி ஞானோபதேச வகுப்புக் கரும்பலகையில் படம் வரைந்து காட்டினாள். விதை இங்கே இருக்கிறது, மணம் வருகிற பை இங்கே, வாலுக்கு அடியில், அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தப் பக்கம் நான் கையே வைக்க மாட்டேன் என்று சாக்குக்கட்டியால் தட்டித் தட்டிச் சொன்னாள். "சாந்தமாயிடும்ங்க. வேற ஒண்ணும் மாறாது. நான் பொறுப்பு." புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது, பேராசிரியரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பெண்கள் செலினைப் பார்த்தார்கள். அவள்தான் அங்கே ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தவள். "செய்யுங்க" என்றாள் செலின். "எப்பிடியானாலும் வீட்டுல கெடக்கும்லா. எனக்கு அதுவும் இல்லியே."

செவ்வாயும் வெள்ளியும் மூன்று மூன்று பேர் என்று முறை வைத்தார்கள். பெண்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். உள்ளே ராஜமணி பிடித்துக்கொள்ள, சௌந்தரி மயக்க ஊசி போடுவாள். ஊசி ஏறி உடம்பு தளர்கிற அந்த ஒரு நொடியில் ஒவ்வொரு வரையனும் தவறாமல் பீச்சியது, தவறாமல் அவளுடைய பச்சைக் கோட்டின்மேல். ராஜமணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பார். நாற்றம் தாங்கவில்லை என்று அவள் நினைத்தாள். அவரிடம் மீன் விற்றுக்கொண்டிருந்த இரண்டு பேர் காணாமல் போன அந்த இருபத்து மூன்று பேரில் இருந்ததை அவர் சொல்லவில்லை. ஆப்பச்சோடாவில் ஊற வைத்தார்கள், எலுமிச்சை தேய்த்தார்கள், வெயிலில் போட்டார்கள். கோட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை.

நாலு வாரத்துக்குள் இருபத்தொரு வரையன்களுக்கு ஆகிவிட்டது. புண்கள் நன்றாக ஆறின. ஒன்றும் கடலுக்குப் போகவில்லை, ஒன்றும் கதவைப் பிராண்டவில்லை, சொன்னபடியே சாந்தமாகிவிட்டன. டாக்டருக்கு வீட்டுக்கு வீடு மீன் வந்தது. மிச்சம் கிளாடிஸ் வீட்டுப் பெஸ்கி ஒன்றுதான். இவ்வளவு கொழுப்புள்ள உடம்புக்கு மயக்க ஊசி போட்டால் இதயம் நின்றுவிடும், நாலு கிலோவுக்கு இறங்கட்டும் என்று அவள் தள்ளி வைத்திருந்தாள். கிளாடிஸ் கடல் பக்கத்துக் கதவுக்குக் குறுக்கே ஆட்டுக்கல்லை நகர்த்தி வைத்துவிட்டு, அதன்மேல் தானே உட்கார்ந்து காவல் காத்தாள்.

எடை போட வந்த ஒரு நாளில்தான் தெரிந்தது. ராஜமணி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிளாடிஸ் பிராணியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவள், சுவர் ஆணியில் தொங்கிய பச்சைக் கோட்டைப் பார்த்து நின்றாள். கிட்டே போனாள். கைப்பகுதியைத் தூக்கி மூக்கருகில் வைத்தாள்.

"இது ஆக்னசுக்க சைமன் அண்ணன்" என்றாள். தோளுக்கு நகர்ந்தாள். "இது ஜெரோமு. பான்பராக்கு போடுவாரு. இது ரெஜீனாவுக்க ஆளு, தலைக்கு அந்த எண்ணதான் தேப்பாரு. இது எனக்க அண்ணன்மாதிரி, ஞானஸ்நானத்துக்கு எனக்க மூத்தவளத் தூக்கிப் பிடிச்சவரு." ஒவ்வொரு மடிப்பாக, பாக்கெட்டாக, பித்தானாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள், இருபத்தொரு பெயரும் வந்துவிட்டன. பிறகு டாக்டரைப் பார்த்தாள். "எல்லாரும் இஞ்சதான் இருக்காங்க. அங்க வீட்டுல யாரு கெடக்காங்க?"

சௌந்தரிக்கு அவள் என்ன கேட்கிறாள் என்று புரிய நேரமாயிற்று. அன்று மாலையே ஆக்னஸ் வீட்டுக்குப் போனாள். ஆக்னஸ் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினாள். வரையன் தலையைத் தூக்கிப் பார்த்தது, கொட்டாவி விட்டது, மறுபடி சுருண்டுகொண்டது. தூக்கி முகர்ந்து பார்த்தால் மயிரும் தவிடும் மணத்தன. எத்தனை நாளாக என்று கேட்டாள். அறுவை முடிந்த பத்தாம் நாளிலிருந்து என்றாள் ஆக்னஸ்.

"ஏங்க சொல்லலை? உங்களுக்கு அப்புறம் இருபது பேருக்குச் செஞ்சிருக்கேன்."

"எப்பிடிச் சொல்லது டாக்டரம்மா. எனக்குத்தான் அவர மறந்து போச்சுண்ணு நெனச்சேன். மூணு மாசத்துல மறந்துட்டா பாருண்ணு சொல்லமாட்டாவளா?"

அடுத்த வீட்டிலும் அதுதான், அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். இருபத்தொரு பெண்களும் குற்றம் தங்களுடையது என்றே நினைத்திருந்தார்கள். ஒருத்தி மூக்கில் சளி என்று கஷாயம் குடித்திருந்தாள், ஒருத்தி பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மூன்று அருள் நிறை மந்திரம் அபராதம் வாங்கியிருந்தாள், ஒருத்தி அவன் சட்டையைத் துவைத்துவிட்ட நாளை நினைத்து நினைத்துத் தன்னையே அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும் சாயங்காலம் வழக்கம்போல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு நம்பி அடுத்தவள் தன் முறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

சௌந்தரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பேராசிரியருக்குப் போன் போட்டாள். மணப் பையைத் தொடவே இல்லையே என்றாள். தொடவில்லையென்றால் மணம் போக வழியே இல்லையே என்றார் அவர். வெட்டியதைத் திருப்பி ஒட்டுகிற வைத்தியம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் பொறுப்பு என்று சொன்னது மட்டும் அவள் காதிலேயே நின்றது, பொறுப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். திங்கட்கிழமை காலையில் ஆக்னஸ் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு வந்து, அதற்குச் சுகமில்லை என்றாள். கோழிக்கு ஒன்றும் இல்லை. ஆக்னஸ் டாக்டருக்குப் பக்கத்தில், கோட்டின் வலது கையோரம், கொஞ்சம் கூடவே நெருங்கி நின்றாள், நின்றுவிட்டுப் போனாள். அவளுக்குப் பிறகு ரெஜீனா ஆட்டோடு வந்தாள். அதற்கடுத்த திங்கட்கிழமை இருபத்தொரு பேரும் வந்தார்கள், சுகமான கோழிகளோடும் சுகமான ஆடுகளோடும் வரிசையில். சௌந்தரி கோட்டைத் துவைக்கக் கூடாது என்று ராஜமணியிடம் சொல்லிவிட்டு, அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க அசையாமல் நின்றாள். மூக்கைப் பொத்தவில்லை. ஆய்வுக்கு வந்த மேலதிகாரி வாசலிலேயே நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இங்கே கோழிக் காய்ச்சலா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். செலின் மட்டும் வரவில்லை. அவளுடைய ஆள் கோட்டில் இல்லை.

பெஸ்கி மெலிந்துகொண்டே வந்தது. ஆறரை ஐந்தாயிற்று, ஐந்து நாலாயிற்று. கோவைக்காயும் தின்னவில்லை, நெத்திலியும் தின்னவில்லை, ஆட்டுக்கல்லைப் பிராண்டிப் பிராண்டி நகங்கள் பிய்ந்து ரத்தம் வடிந்தது. பங்குனிக் கடைசி வெள்ளிக்கிழமை கிளாடிஸ் கொண்டுவந்து தராசில் வைத்தபோது முள் மூன்றரையில் நின்றது. இத்தனை நாள் எதிர்பார்த்திருந்த எடைக்கும் கீழே.

"இனி செய்யலாம்லா" என்றாள் கிளாடிஸ்.

"செய்யலாம். செஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும்."

"செய்யாட்டா?"

"இன்னும் நாலஞ்சு நாள் இப்படியே பட்டினி கெடந்தா தாங்காதுங்க. கதவத் திறந்துவிட்டா கடலுக்குப் போயிடும்."

"வேற ஒண்ணும் இல்லியா? நீங்க படிச்சவிய. ஒரு ஊசி, ஒரு குளிக."

"எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன் கிளாடிஸ். ஒண்ணுமில்ல."

"ஒங்களுக்க வீட்டுக்காரரா இருந்தா என்ன செய்வீய?"

ராசிபுரத்தில் பேருந்து நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் தன் கணவனைச் சௌந்தரி நினைத்துப் பார்த்தாள். முந்தின இரவுகூடப் போனில் பேசியிருந்தாள். அவனுடைய மணம் என்னவென்று யோசித்துப் பார்த்தாள், எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தெரியலைங்க" என்றாள்.

கிளாடிஸ் பிராணியின் நெற்றியை, அந்த வெள்ளை வரை தொடங்குகிற இடத்தை, பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அண்ணைக்குக் கடலுக்குப் போறப்ப, காத்து சரியில்ல, போவாண்டாம்ணு எனக்குச் சொல்லத் தோணிச்சு" என்றாள். "ஆனா சாயா போட்டுக் குடுத்து அனுப்பிட்டேன். ரெண்டாமதும் அனுப்ப எனக்கு ஏலாது. மணம் இல்லாட்டாலும் வேண்டாம். ஆளு கெடக்கட்டு." பிறகு, "நான் உள்ள நிண்ணுக்கிடட்டா" என்று கேட்டாள். மற்ற யாரையும் உள்ளே விட்டதில்லை. சௌந்தரி நில்லுங்க என்றாள்.

சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவினாள், பச்சைக் கோட்டை ராஜமணி பின்னால் நின்று முடிச்சுப் போட்டுவிட்டார், கையுறை மாட்டிக்கொண்டாள். ஊசியை இன்றைக்கு ராஜமணியையே போடச் சொன்னாள். மெலிந்த உடம்புக்கு மருந்தைக் குறைத்திருந்தாள். இருபது நிமிஷம்தான் மயக்கம் நிற்கும், அதற்குள் வெட்டி, கட்டி, தைத்து முடிக்க வேண்டும், இன்னொரு ஊசியை அந்த இதயம் தாங்காது. மருந்து ஏறியது. வரையன் எழுந்து நிற்கப் பார்த்தது, முன்கால்கள் இரண்டையும் தகர மேசையில் ஒரு தடவை அடித்தது, திரும்பி வாலைத் தூக்கிப் பீச்சியது, கோட்டின் நெஞ்சுப் பகுதி முழுக்க நனைந்தது. பிறகு சாய்ந்துவிட்டது. ராஜமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பதினொண்ணு பத்து" என்றார்.

சௌந்தரிக்கு எரிந்த ரப்பர், அழுகிய முட்டை. கண் எரிந்து நீர் வழிந்தது.

கிளாடிஸ் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். டாக்டரின் நெஞ்சில் முகத்தைப் புதைத்து, இரண்டு கைகளாலும் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மூச்சை உள்ளே இழுத்தாள், விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள். "ஏங்க" என்றாள் கோட்டுக்குள்ளே, "நான் சொல்லியிருக்கணும். காத்து சரியில்லண்ணு சொல்லியிருக்கணும்." அந்த முதுகில் ஒரு கை வைக்க வேண்டும், அந்தத் தலையை ஒரு தடவை தடவ வேண்டும் என்று சௌந்தரிக்குத் தோன்றியது. ஆனால் கைகள் சுத்தமாக இருந்தன. தொட்டால் மறுபடி கழுவ வேண்டும், கழுவினால் ஏழு நிமிஷம் போகும், ஏழு நிமிஷம் அங்கே இல்லை. கையுறை போட்ட இரண்டு கைகளையும் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, எதையும் தொடாமல், அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"பதினொண்ணு பதிமூணு" என்றார் ராஜமணி. கொஞ்சம் பொறுத்து, "பதினாலு" என்றார்.

மேசையில் வரையனின் வயிறு மெல்ல ஏறி இறங்கியது. வெளியே வேப்பமரத்தடியில் பெண்கள் ஜெபமாலையின் மூன்றாம் பத்தில் இருந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் கொடுக்கலாமா என்று சௌந்தரி கணக்குப் போட்டாள், கொடுத்தாள். இன்னும் ஒன்று கொடுக்கலாமா என்று பார்த்தாள்.

"கிளாடிஸ்" என்றாள். "விடுங்க. நேரமாச்சு."